சாயம் ஒட்டுமென்று நான் கழற்றிய ஓலை

மூன்று வருடங்களுக்கு முன், காணும் பொங்கலன்று, பழவேற்காட்டு ஏரிக்கரையில் நடந்தது இது. இதுவரை என் வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் மானம் போகும். போனால் போகட்டும்.

நான் மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேஜைத் தோழி பழவேற்காட்டில் ஒரு மீனவக் குப்பத்துக்காரி. என்னைவிட ஐந்து வயது சின்னவள். "ஒரு தபா பாப்பாவ இட்டுக்கினு வா அக்கா" என்று இரண்டு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொங்கலுக்கு வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. சரி என்று நானும் ஆறு வயது மகளுமாகக் கிளம்பிவிட்டோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை வளர்ப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. அன்று என் பையில் இருந்தவை: கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், கை கழுவும் திரவம், கொசு மருந்து, இரண்டு செட் மாற்றுத்துணி, காய்ச்சல் மருந்து. ஒரு நாள் போய்வருவதற்குத்தான் இத்தனையும்!

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தை மகளுக்குக் காட்டினேன். வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயந்து என் முந்தானைக்குள் ஒளிந்தவள், கொஞ்ச நேரத்தில் தைரியம் வந்து கல்லறை கல்லறையாக ஓட ஆரம்பித்தாள். ஒரு கல்லில் செதுக்கியிருந்த கேடயச் சின்னத்தைத் தடவி, "இது எதுக்கும்மா?" என்றாள். "அது அவங்க குடும்பத்தோட அடையாளம். இங்க இருக்கிறவர் எந்த வீட்டு ஆளுன்னு பாக்கிறவங்களுக்குத் தெரியணும்ல?" என்று டீச்சர் மாதிரி விளக்கினேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

தோழியின் வீட்டை அடைந்தபோது வாசலில் அவள் கணவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையை அவர்களுடைய பத்து வயது மகள் இழுத்துப் பிடித்திருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் அவள் வலையை நழுவவிட்டால், மனிதர் ஒரு வார்த்தை அதட்டமாட்டார். கையை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். அவளே, "அய்யோ நைனா, உட்டுட்டேன்" என்று சிரித்தபடி மறுபடி பிடிப்பாள். இதே இடத்தில் நானாக இருந்தால் தெருவே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததுமே தோழி என் மகளின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினாள். பனை ஓலையைக் கிழித்து, சாயம் போட்டு, நீலம், வெள்ளை, நீலம் என்று பின்னியது. நடுவில் வலை மிதவையிலிருந்து அறுத்த ஒரு சின்னத் துண்டு.

"எங்க வலை மெதவைலயும் இதே கலருதான் அக்கா. போகியன்னிக்கு எல்லா வூட்லயும் பசங்களுக்குப் பழசக் கழட்டி நெருப்புல போட்டுட்டு, புதுசு பின்னிக் கட்டுவோம். பெரியவ சாயம் போட்டா, அவங்க நைனா மெதவ அறுத்தாரு, நான் பின்னுனேன். இந்த தபா பாப்பாவுக்கும் சேத்துப் பின்னிட்டோம்" என்றாள்.

நாங்கள் வருவது உறுதியாகும் முன்பே என் மகளையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். அது எனக்கு உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. ஏதோ கண்ணேறுக்குக் கட்டுகிற சமாச்சாரம் என்று நினைத்தேன். போதாக்குறைக்கு மகளின் கை வியர்வையில் சாயம் கரைந்து, புது மஞ்சள் ஃபிராக்கில் நீலமாக ஒட்டியது. தோழி மீன் வறுக்க உள்ளே போன நேரம் பார்த்து அந்தப் பட்டையைக் கழற்றி என் பைக்குள் போட்டேன். மகள் உதட்டைப் பிதுக்கினாள். ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு குப்பத்துப் பிள்ளைகள் படகு விட ஏரிக்குக் கிளம்பினார்கள். ஏரியில் தண்ணீர் நிறைந்து, வாடைக் காற்று வீசுகிற மாதங்களில் அங்கே இதுதான் விளையாட்டு. பனை மட்டையைச் சீவிப் படகாக்கி, பழைய புடவைத் துண்டைப் பாயாகக் கட்டி, தண்ணீரில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுவது. முழங்கால் ஆழம்தான், நானே இறங்கிப் பார்த்தேன். தோழியின் மகள் என் மகளுக்கும் ஒரு படகு செய்து கொடுத்தாள். "நான் பாத்துக்கறேன் அத்த" என்றாள். நானும் தோழியும் கரையில் உட்கார்ந்து கம்பெனிக் கதை பேச ஆரம்பித்தோம்.

எவ்வளவு நேரம் பேசினோமோ தெரியாது. தோழியின் மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எம்மா, பாப்பா கழியத் தாண்டிப் பூட்டா! கூப்ட கூப்டத் திரும்பல. பொறத்தாலயே ஓடுனேன், சுத்திப் பாக்க வந்த போட்டுங்க குறுக்க வந்துச்சு. அப்பால காணோம்!"

ஏரிக்குள் வலை கட்ட நட்டிருந்த கழி வரிசைதான் பிள்ளைகளுக்கு எல்லை. அதற்கு அப்பால் கால் புதைகிற சேறு. சாயங்காலம் கடல் தண்ணீர் வேறு உள்ளே ஏறும். குப்பத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இது தெரியும். என் மகளுக்கு யார் சொன்னது?

கரை முழுக்கக் காணும் பொங்கல் கூட்டம். ஒலிபெருக்கியில் யார் யாரோ பிள்ளைகளின் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த தோழியின் கணவர் உடனே படகைத் தள்ளிக்கொண்டு தேடப் போய்விட்டார். தோழி என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அழாத அக்கா. கையில ஓலை கீதுல்ல? வூட்டுக்கு வூடு கலரு வேற, யாரு பாத்தாலும் நம்ம வூட்டுக்கு இட்டுக்கினு வந்துடுவாங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாய் குழறி, "கழட்டிட்டேன்டி... ஃபிராக்ல சாயம் ஒட்டுச்சு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இன்னா அக்கா..." என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். இடுப்பளவு ஆழத்தில் நின்று, போகிற வருகிற படகையெல்லாம் கூப்பிட்டு, "மஞ்ச கவுனு, ஆறு வயசுப் பொண்ணு" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பெற்றவள் நான், கரையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் கல்லறையில் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. செத்தவர்களின் அடையாளத்துக்கு அத்தனை விளக்கம் சொன்னவள், உயிரோடிருக்கும் என் பிள்ளைக்குக் கட்டிய அடையாளத்தைச் சாயம் ஒட்டுமென்று கழற்றியிருக்கிறேன். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வேறு குப்பத்துப் படகு ஒன்று எங்கள் பக்கம் வந்தது. ஓட்டியவர் முரட்டு மீசைக்காரர். படகுக்குள் இடுப்புவரை சேறு அப்பி, மட்டைப் படகை நெஞ்சோடு அணைத்தபடி என் மகள். அவள் கையில் நீலம், வெள்ளை, நீலம்!

நான் முறைத்ததற்கு அடங்கிய கழுதை, நான் அசந்த நேரத்தில் பையிலிருந்து எடுத்துத் தானே மாட்டிக்கொண்டிருக்கிறது. "அழகா இருந்துச்சும்மா" என்று பிறகு சொன்னாள்.

ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். ஆனால் அந்த மனிதர் என் பக்கமே திரும்பவில்லை. பட்டையின் நிறம் பார்த்து வந்தவர், அந்த நிறத்துக்குரிய வீட்டுக்காரியைத்தான் தேடினார். ஈரம் சொட்டச் சொட்ட நின்ற என் தோழியைப் பார்த்து ஆரம்பித்தார் பாருங்கள்.

"இன்னாம்மா புள்ள வளக்கற லட்சணம் இது? தொடை வரிக்கும் சேத்துல நிக்குது கொயந்த, தண்ணி ஏறிக்கினே வருது! பெத்தா மட்டும் போதுமா? உஷாரா பாத்துக்க வாணாம்?"

ஊரே வேடிக்கை பார்த்தது. தன் பிள்ளைகளை வெறும் பார்வையிலேயே வளர்க்கிற குடும்பம் அது. அவளுக்கு இந்தப் பேச்சு! "இது என் பொண்ணு, தப்பு என்னோடது" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். தோழி என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுப் பொண்ணுதான் ணா. தப்பு என்னுதுதான். இனிமே உஷாரா பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் முணுமுணுத்தபடி படகைத் திருப்பிக்கொண்டு போனார். 'ஏன் சொல்லவிடவில்லை' என்று அவளிடம் அழுதேன். "கட்டி உட்டா அது நம்ம வூட்டுப் புள்ள அக்கா. கேக்கறவங்க நம்மளத்தான் கேப்பாங்க" என்றவள், மகளின் காலில் அப்பிய சேற்றைக் கழுவ ஆரம்பித்தாள். நான் என்னவோ அதை ஒரு ஓலைத் துண்டு என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போகிக்கும் வீட்டுக்காரரையும் சேர்த்து நாங்கள் மூவரும் அங்கேதான். ஓலை கிழிப்பது இப்போது என் வேலை. இன்னும் கோணலாகத்தான் வருகிறது, தோழி கிண்டல் செய்துகொண்டே பின்னுகிறாள். மஞ்சள் ஃபிராக்கில் ஒட்டிய நீலத்தை நான் துவைக்கவே இல்லை, பீரோவில் அப்படியே மடித்து வைத்திருக்கிறேன். பிள்ளை வளர்ப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு எனக்குள் எப்போதாவது தலைதூக்கும்போது, எனக்கு விழ வேண்டிய திட்டை ஈரப் புடவையோடு தலை குனிந்து வாங்கிக்கொண்ட அவள் முகம்தான் கண் முன்னே வந்து நிற்கிறது.