பூ வைத்த அன்று ஏமாந்த கை

மகனுக்குக் கல்யாணம் முடிந்து பதினைந்து, இருபது நாள் இருக்கும். காலையில் காபி போட எழுந்தால் வீட்டில் ஏதோ தீய்ந்த வாசனை. அடுப்பில் எதுவும் இல்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷம் தோல் ரகம் பிரித்தவள் நான். தோல் தீய்ந்தால் ஒரு மாதிரி இருக்கும், நூல் தீய்ந்தால் ஒரு மாதிரி, ரப்பர் தீய்ந்தால் ஒரு மாதிரி. இது எதிலும் சேரவில்லை. மூன்று நாள் மிக்ஸி ஒயரையும் பிரிட்ஜுக்குப் பின்னாலும் மோந்து பார்த்தேன். மகன், எங்கேயோ எலி செத்திருக்கும் என்றான். எலி செத்த நாற்றம் தெரியாதவளா நான்.

நாலாம் நாள் மகன் முதல் ஷிப்டுக்குப் போன பிறகு மருமகளின் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, இடுக்கி மாதிரி சூடான ஒன்றில் முடியைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்த பக்கம் நேராக விழுந்தது. இழுக்காத பக்கம் சுருள் சுருளாக நின்றது. ஒரே தலையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மாதான் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க அத்தை. அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியக்கூடாதுன்னு."

மகன் சொன்ன செத்த எலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

எனக்குத் தெரியக்கூடாது என்றதற்குக் காரணம் உண்டு. காவேரிப்பாக்கத்தில் இவளுக்குப் பூ வைத்த அன்று, பூச்சரத்தைச் செருகும் சாக்கில் உச்சியிலிருந்து நுனி வரை கையை ஓட்டிப் பார்த்தேன். கம்பெனியில் ஒவ்வொரு தோலையும் அப்படித்தான் பார்ப்போம். சவுரி இல்லை, சொந்த முடி, பட்டு மாதிரி நேராக இருக்கிறது, என் கை பொய் சொல்லாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அதற்குப் பிறகும் கேட்டவர்கள், கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொன்னேன்.

சூடான தட்டில் அழுத்திச் சுருக்கத்தை மறைத்த தோலும் கம்பெனிக்கு வரும். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் சுருக்கம் எழும்பி வந்துவிடும். எத்தனை தோலை அப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன். அன்றைக்குத் தண்ணீர் வைக்கத் தோன்றவில்லை.

கோபம் வராமல் இல்லை. ஆனாலும் பார்க்கிற ஆசை அதைவிட ஜாஸ்தியாக இருந்தது. சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து அவள் இழுத்து முடித்த பக்கத்தில் ஒரு கொத்தைத் தொட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மெல்ல வளைந்து, தானாகவே சுற்றிக்கொண்டது. இன்னொரு கொத்தைத் தொட்டேன். அதுவும் அப்படியே. அவள் அழுகையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

நுனி எல்லாம் வெந்து, சீப்பை வைத்தால் கையோடு வந்தது. இழுப்பதை விட்டுவிட அவளுக்கு ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து. பூ வைக்க வந்த அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். ஏமாற்றிக் கட்டிவைத்தார்கள் என்று அவள் அம்மாவைப் பேசுவார்கள் என்று பயந்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவள் சொல்லவில்லை. அது எனக்கே தெரிந்தது. பேசினால் பேசட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

வெந்த நுனியை நறுக்கச் சொல்லிக் கத்தரிக்கோலைக் கொடுத்தாள். ஒரு சாண் போனது.

ஞாயிறு காலை அவள் செய்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆளி விதையைக் கொதிக்கவைத்துத் துணியில் வடித்தாள். வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி இறங்கியது. ஈரத் தலையில் அதைத் தடவி விரலாலேயே சிக்கெடுத்தாள். துண்டு ஆகாதாம், என் மகனுடைய பழைய பனியனால் கசக்கிக் கசக்கி விட்டாள். பிறகு காயும்வரை தொடக்கூடாதாம். எனக்கு அதுதான் கஷ்டம். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னியே பழகிய கை, தானாகப் போனது. "கை, அத்தை" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் பந்திக்கு உட்காரும்போது நாத்தனார் வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, கை வெச்சி பாத்து எடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. இன்னா இது, கயிறு பிரிச்சா மாதிரி?"

மருமகள் முடியை ஒரு கையால் அள்ளிக் கொண்டை போடப் போனாள். பார்லரில் சுருட்டிக்கொண்டு வந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. சொன்னால் நம்பியிருப்பார்கள். ஆனால் அடுத்த விசேஷத்துக்கு இவள் மறுபடியும் இடுக்கியை எடுக்கவேண்டியிருக்கும்.

"பொறந்ததுலேர்ந்து அதான் அவ முடி. என் கைதான் ஏமாந்துபோச்சு."

"உங்க கையா?" என்றாள் நாத்தனார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நாத்தனார் அடுத்த வரிசைக்கும் போய்ச் சொன்னாள், அங்கேயும் சிரித்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் கையைக் காட்டச் சொல்லிக் கேட்டார். காட்டினேன். இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்குச் சாப்பிட்டேன்.

சிரித்து முடித்த நாத்தனார் திரும்பி வந்து மருமகளின் பின்னால் நின்றாள். கைக்கு அடங்காமல் நழுவிய ஒரு சுருளைப் பிடித்து இழுத்து விட்டாள். அது எகிறிப் பழையபடி நின்றது. இன்னொரு தடவை இழுத்து விட்டாள்.

"எஞ் சின்னப் பொண்ணுக்கும் இந்த மாதிரிதான். எண்ணெய ஊத்தி ஊத்தி அமுக்கி வெச்சிருக்கேன்" என்றாள். பிறகு குரலை இறக்கி, தலைக்கு இன்னா போட்டே என்று கேட்டாள்.

மருமகள் அள்ளிப் பிடித்திருந்த முடியை விட்டாள். விதை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று இரண்டு கையாலும் அளவு காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.