பட்டு நூல் இமை

எங்கள் பெண் குழந்தை இறந்த மூன்றாம் மாதம் என் மனைவி தன் இமை முடிகளைத் தானே பிடுங்கத் தொடங்கினாள். யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். திருச்சியில் ரயில்வே சரக்குக் கொட்டகையில் எனக்கு மூட்டை எண்ணும் வேலை. இறங்குவதை எண்ண வேண்டும், ஏற்றுவதை எண்ண வேண்டும், இரண்டும் ஒத்து வராவிட்டால் மறுபடி எண்ண வேண்டும். அந்த வேலைதான் என்னை இப்படி ஆக்கியதா, நான் இப்படி இருந்ததால் அந்த வேலை வாய்த்ததா, தெரியாது. வாசலிலிருந்து கிணற்றுக்கு இருபத்திரண்டு அடி. இன்றைக்கும் மாத்திரையை மூன்று தரம் எண்ணிய பிறகுதான் விழுங்குகிறேன்.

குழந்தைக்கு ஒன்றேகால் வயது. சாயங்காலம் வந்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு, ஈறில் விரலை வைத்து, பல்லை வாய்விட்டு எண்ணுவேன். அது என் விரலைக் கடிக்கும்.

"பல்லை எண்ணாதேங்கோ, குழந்தைக்கு ஆகாது" என்பாள் மனைவி.

நான் சிரிப்பேன். எட்டாவது பல் தெரிந்த வாரம் ஜுரம் வந்தது. ஐந்து நாள்தான். அதற்குப் பிறகு அவள் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசித் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மத்தியான வேளையில், சமையலறை ஒழிந்த பிறகு, அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாக இமைக்குப் போகும். ஒரு முடியைப் பிடித்து இழுப்பாள். வெளிச்சத்தில் பிடித்து அதன் வேரைப் பார்ப்பாள். தரையில் போடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன். நாற்பத்து மூன்று தடவை கை போயிற்று. நாற்பத்து மூன்று தடவையும் "கையை எடு" என்றேன்.

"கை போச்சா? எனக்குத் தெரியலையே" என்றாள். அது பொய்யில்லை.

திருச்சியில் ஒரு கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "வேர் செத்துட்டா அப்புறம் முளைக்காது. இன்னும் நாலஞ்சு மாசம் இப்படியே போனா அவ்வளவுதான். இப்பவே தூசி விழுந்து கண் சிவந்திருக்கு. நாளைக்குப் பார்வைக்கே ஆபத்து" என்றார். கை போகாமலிருக்க மருந்து கேட்டேன். அதற்கு மருந்து இல்லை என்றார்.

அவள் காவேரிக்குக் குளிக்கப் போவதையும் நிறுத்திவிட்டாள். படித்துறையில் ஒரு மாமி, "ஏண்டி, கண்ணு மீன் கண்ணாட்டம் இருக்கே, என்னத்தைப் பூசிக்கறே?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்டாளாம். கிணற்றடியோடு சரி என்று ஆயிற்று.

அந்தச் சமயத்தில் கொட்டகைக்கு ஒரு நாடகக் கம்பெனியின் பெட்டிகள் வந்தன. சீட்டில் பதினெட்டு, என் எண்ணிக்கையில் பதினேழு. குறைந்த பெட்டியைத் தேடிக்கொண்டு அதன் சொந்தக்காரரே வந்துவிட்டார். நாடகக்காரர்களுக்கு டோப்பா, பொய்த்தாடி எல்லாம் கட்டும் சாயபு. வெங்காய மூட்டைகளுக்கு அடியில் பெட்டி கிடைத்தது. எதுவும் நசுங்கவில்லையே என்று அங்கேயே திறந்து பார்த்தார். ஜடைகளுக்கும் தாடிகளுக்கும் இடையில் ஒரு தகர டப்பா, அதில் பிறை பிறையாக ஏதோ கறுப்பாக.

"இது என்ன பாய்?"

"இமை, சாமி. ஸ்திரீபார்ட்டுக்கு ஒட்டுறது."

மறுநாளே காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் இருந்த அவர் கடைக்குப் போனேன். நாமத்தோடு நான் கடைக்குள் நுழைந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சாமி, வேஷம் கட்டப் போறீங்களா? குடுமி இருக்கு, ஜடைச் செலவு மிச்சம்."

"ஆத்துல ஒருத்தருக்கு. இமையில முடி இல்லே. வியாதி."

சிரிப்பை நிறுத்திவிட்டார். வெள்ளைத் துணி விரித்து மூன்று விதம் வைத்தார்.

"இது தலைமுடி. ஒவ்வொண்ணும் தனித்தனியா முடிச்சுப் போட்டது. வருஷம் போனாலும் ஒண்ணு உதிராது. இது வெள்ளாட்டு முடி. மெத்துனு இருக்கும், ஆனா வேர்வை பட்டா வாடை அடிக்கும். இது பட்டு நூல், சும்மா மெழுகுல பதிச்சது. பையன்க கம்பெனிக்குப் பண்றேன். நாலு நாள் தாங்காது. நீங்க அதைத் தொடாதீங்க."

தலைமுடி இமையில் ஒரு பக்கத்துக்கு அறுபத்திரண்டு முடி, பட்டில் நாற்பது. உதிராதது எதுவோ அதுதான் நல்லது என்று நினைக்கிற ஆள் நான். தலைமுடியை வாங்கினேன். கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்து ஒட்டும் விதத்தையும் சாயபு காட்டினார்.

மனைவி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"யாரோட முடி?"

"தெரியாது."

"சாதத்துல ஒரு முடி இருந்தா அத்தனையும் கொட்டறோம். இதைக் கண்ணுல ஒட்டிண்டு பெருமாளுக்குத் தளிகை பண்ணவா?"

சமையல் முடிந்த பிறகு போட்டுக்கொள் என்று கெஞ்சினேன். போட்டுக்கொண்டாள். மத்தியானம் விரல் போயிற்று. இழுத்துப் பார்த்தது, வரவில்லை. மறுபடி இழுத்தது. முடி வராமல் இமை மொத்தமாக உரிந்து வந்தது. ஏமாந்த விரல் அவளுடைய சொந்த முடிமேல் பாய்ந்தது. வலது கண்ணில் பதினொன்று மிச்சம் இருந்தது, எட்டாவது நாள் ஏழு. இடது கண்ணில் ஒன்பது அப்படியே இருந்தது. நான் வாங்கி வந்த பொருளால் நாலு போயிற்று என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பப் போய்ச் சாயபுவிடம் சொன்னேன். ஆட்டு முடியைக் காட்டினார். அதை எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோவது எப்படி? வேறு வழியில்லாமல் பட்டு நூலை வாங்கினேன்.

"பட்டா?" என்றாள் மனைவி. "பட்டு மடிதானே. தோஷமில்லே." எங்களில் மடியாகச் சமைப்பவர்கள் கட்டுவதும் பட்டுத்தானே. காலையில் ஸ்நானம் பண்ணியதும் தானே ஒட்டிக்கொண்டாள்.

முதல் நாள் சாயங்காலம் எண்ணினேன். நாற்பதில் இருபத்தேழு. மறுநாள் பதினைந்து. சாயபு சொன்னது சரிதான், தண்டம் என்று முணுமுணுத்தேன். நாலாம் நாள் வெறும் மெழுகுக் கீற்றுதான் மிஞ்சியது. அதை வெந்நீரால் நனைத்து எடுத்துவிட்டு, வழக்கம்போல் அவளுடைய சொந்த முடியை எண்ணினேன். வலது ஏழு, இடது ஒன்பது. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். ஏழு, ஒன்பது.

அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது. விரலுக்கு இழுக்க ஒன்று வேண்டியிருந்தது. இழுத்தால் அது வர வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

"பட்டுலேயே ஆறு ஜோடி வேணும் பாய்."

"உதிருமே, சாமி."

"உதிரணும்."

விஷயத்தைச் சொன்னேன். சாயபு ஒரு மெழுகு உருண்டையை எடுத்து விரலில் உருட்டினார்.

"உதிராம கட்டப் பழகுறதுக்குத்தான் எங்க அத்தா என் முதுகுத் தோலை உரிச்சாரு. உதிரும்படி பண்ணுன்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். பிறகு, "மெழுகுல கொஞ்சம் எண்ணெய் சேர்க்கிறேன். வலிக்காம வரும்."

வாரத்துக்கு இரண்டு ஜோடி செலவாயிற்று. கொட்டகையில் அவள் நினைவாகவே இருந்து இரண்டு தடவை எண்ணிக்கை தவறினேன், அதற்கு முன் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. ஆறாம் வாரம் அவள் இமை விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு தெரிந்தது. எட்டாம் வாரம் அது முடிதான் என்று ஆயிற்று. ஒரு சாயங்காலம் விளக்கைக் கிட்டக் கொண்டுபோய், சந்தோஷத்தில் என்னை மறந்து வாய்விட்டு எண்ணினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எண்ணாதேங்கோ."

எண்ணுவதை நிறுத்தினேன்.

"அன்னிக்கும் சொன்னேன்" என்றாள்.

"சொன்னே."

"எண்ணினதுனாலே போகலைன்னு எனக்கும் தெரியும். ஜுரத்துல போச்சு. ஆனாலும் எண்ணாதேங்கோ."

விளக்கைக் கீழே வைத்தேன். குழந்தை போனபின் அவள் என் எதிரில் அழுதது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் சில மாதம் பட்டு இமை தேவைப்பட்டது. பிறகு நாலு நாளுக்கு ஒன்று என்பது பத்து நாளுக்கு ஒன்றாகி, கடைசி ஜோடி டப்பாவிலேயே தங்கிவிட்டது. ஆடிப்பெருக்கன்று அவள் காவேரிக்குப் போனாள். திரும்பி வந்து, "அந்த மாமி வந்திருந்தா. என் புடவையைப் பத்தித்தான் கேட்டா" என்றாள்.

அப்புறம் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. நெடுநாள் சேர்ந்து இருந்தோம். போன வருஷம் அவள் போனபோது கண்களை மூடிவிட்டது நான்தான். விரலுக்கடியில் இமை முடி மெதுவாகப் பட்டது. என் கண்ணும் இப்போது முன்போல் இல்லை. பார்வை இருந்திருந்தாலும் எண்ணியிருக்க மாட்டேன்.