சிகரெட் பெட்டியில் மண்டையோடு

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்னப் பெயிண்ட் கம்பெனியில் நான் ஸ்டோரிலும் என் வீட்டுக்காரர் மிக்ஸிங்கிலும் வேலை பார்த்தோம். கெமிக்கல் டிரம் வந்து இறங்கியதும் மண்டையோடு போட்ட சிவப்பு லேபிளை ஒட்டுவது என் பொறுப்பு. ஒன்றில் விட்டுப்போனாலும் அரசாங்க இன்ஸ்பெக்டர் முதலாளியை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். அந்த இன்ஸ்பெக்டர்மேல் எனக்குத் தனி மரியாதை.

மிக்ஸிங் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிய பிறகுதான் சிகரெட்டைத் தொடுவார்கள். விஷம் வாய்க்குள் போய்விடக் கூடாதாம். என் வீட்டுக்காரர் அதில் ரொம்பக் கறார், நகக்கண்ணைக்கூட விடமாட்டார். அப்படிக் கழுவித் துடைத்துவிட்டு, எங்கள் ஒற்றை அறைக் குடித்தனத்தில் சாய்ந்து உட்கார்ந்து, நிம்மதியாகப் பற்றவைப்பார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, அந்தப் புகையில் இருப்பதைச் சொன்னார். அம்மோனியா, டொலுயீன், காட்மியம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாம் நான் லேபிள் ஒட்டுகிற சரக்கு. குழந்தை எடை குறைந்து பிறக்கலாம் என்றும் சொன்னார். வரும் வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார்.

“ஏம்மே, கெடுதின்னா கவர்மெண்டு விக்க வுடுமா? நம்ம டிரம்முக்கே அவ்ளோ கெடுபிடி பண்றாங்க.”

அவருடைய சிகரெட் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். பெட்டியின் ஓரத்தில் எச்சரிக்கை இருந்ததுதான், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். எட்டாவது படித்தவர் அதை எங்கே படிப்பார்?

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு லேபிள் வாங்கி வந்து, வீட்டுக்காரரின் புதுச் சிகரெட் பெட்டியில் ஒட்டினேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் கையைக் கழுவிவிட்டு எடுத்தார்.

“இன்னாமே இது?”

“உள்ள கீற சரக்குக்கு உண்டான லேபிள்தான். நீங்க கைய கழுவிட்டு, அதையேதான் வாயில வெச்சிக்கினு கீறீங்க.”

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். எழுந்து பெட்டியோடு தெருவுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டுக்குள் பற்றவைக்கவில்லை. முழுதாக விடவில்லைதான், ஆனாலும் எனக்கு அது பெரிய சந்தோஷம். வயிறு குளிர்ந்து தூங்கினேன்.

பெண் பிறந்தாள், நல்ல எடையோடு. அவளை மடியில் வைத்துக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்:

“மொத மொதல்ல வாங்கின பெட்டியிலயே அந்த மண்டையோட்டு லேபிள ஒட்டியிருந்தாங்கன்னா, நான் தொட்டே இருக்க மாட்டேன்மே.”