நொலீனின் மூக்கு

குழாயைத் திறப்பதற்கு முன் நொலீன் நாயின் கழுத்து முடியை இரண்டு கட்டைவிரல்களாலும் வகிர்ந்து, அங்கே மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுப்பார். கண் மூடியிருக்கும். "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் சீப்பு, தண்ணீர், சோப்பு எல்லாம். வாரத்துக்கு முப்பது நாய் வந்தாலும் முப்பது கழுத்துக்கும் இந்த மரியாதை உண்டு.

ஆஸ்திரேலியாவில் கொராக்கி என்ற சின்ன ஊரில், என் சலவைக் கடைக்குப் பின்னால், குதிரைகளை ஏற்றிச் செல்லும் பழைய இழுவைப் பெட்டி ஒன்றில் அவருடைய நாய் குளிப்பாட்டும் தொழில் நடக்கிறது. குதிரை நின்ற இடத்தில் இப்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி. வெந்நீர் என் கடைக் குழாயிலிருந்து போகிறது. என்னைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. பதினெட்டு வருடமாக நான் "சலவை"தான். "ஏய் சலவை, தண்ணி ஆறிப்போச்சு, பாருப்பா!"

அந்த அம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று. காக்கி அரைக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ். தச்சர் பென்சில் செருகுவதுபோல் காதில் பல் நெருக்கமான ஒரு சீப்பு. உருவத்தைப் பார்த்தால் மாடு மேய்க்கிறவர் என்று தோன்றும். ஆனால் அவர் கெட்டிக்காரத்தனமெல்லாம் குட்டை நாய்களிடம்தான், அதிலும் தரையைக் கூட்டிக்கொண்டு நடக்கும் நீள முடி நாய்களிடம்.

"பெரிய நாய்னா தெள்ளு ஓடறது கண்ணுக்குத் தெரியும். இந்தக் குஞ்சங்க மேல அது காட்டுக்குள்ள குடும்பமே நடத்தும். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது" என்பார்.

முடிச்சுகளை ஈரமாக்க விடமாட்டார். காய்ந்திருக்கும்போதே விரலால் பிரித்து, சீப்பு தோல்வரை போகும்படி செய்துவிட்டுத்தான் குளியல். குளியலிலும் முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகக் கெட்டியான நுரை. தண்ணீர் பட்டதும் தெள்ளுப்பூச்சி உடம்பை விட்டு முகத்துக்கு ஓடுமாம், கண்ணிலும் காதிலும் புகுந்துகொள்ளுமாம். "மொதல்ல வாசலச் சாத்திட்டு அப்புறம் திருடனத் தேடணும்." சீப்பில் மாட்டியதைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறுவார். உள்ளே விழுந்தவை மேலே வந்ததை நான் பார்த்ததில்லை.

சிலர் சண்டைக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் தெள்ளா, அதெல்லாம் கிடையவே கிடையாது என்பார்கள். நொலீன் நாயின் வாலடியில் சீவி விழுந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டி அவர்கள் முன்னால் வைப்பார். துகள் மெல்லச் சிவப்பாகக் கரையும். தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. வந்தவர் குரல் இறங்கிவிடும்.

அதோடு விடுவாரா? "நாய் மேல இருக்கறது கொசுறு கண்ணு. மிச்சமெல்லாம் உன் கார்ப்பெட்ல முட்டையா கெடக்கு. தெனமும் மெஷின் வச்சு உறிஞ்சு. மெஷினோட தூசிப் பையை வீட்டுக்கு வெளிய போடு. படுக்கையெல்லாம் சலவைகிட்ட குடு. வீட்ல பூனை இருந்தா அதுக்கும் மருந்து வேணும், அதுக்குன்னு உள்ள மருந்து, நாயோடத எடுத்துப் போட்டுத் தொலைக்காத." குளிர்காலத்தில் மருந்தை நிறுத்துகிறவர்களுக்குத் தனி அர்ச்சனை உண்டு. "ஹீட்டர் பக்கத்துல உக்காந்து அதுவும் உன்கூட டிவி பாக்குது, அது எதுக்குச் சாகணும்?"

'விலங்குகளின் படுக்கை இங்கே துவைக்கக் கூடாது' என்று என் கடையில் ஒரு பலகை மாட்டியிருந்தேன். வந்த முதல் வாரமே நொலீன் அதன்மேல் தன் தொப்பியை மாட்டினார். அந்தத் தொப்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது. கடைசி இயந்திரம் நாய்களுக்கென்று ஆகிவிட்டது.

அந்த முகர்தலை மட்டும் நான் ஒரு கிறுக்கு என்றே வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் முன்னால் ஒரு டவலை எடுத்து, கண்ணை மூடி முகர்ந்து "ம்" என்று நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். போன பிப்ரவரியோடு அது நின்றது.

ஆற்றோரம் தனியாக இருக்கும் கிளாரி ஹாப்டன் என்ற கிழவருக்கு எழுபத்தொன்பது வயது. அவருடைய நாய் பேர்ல் நாலே கிலோ எடையுள்ள மால்டீஸ் கலப்பு, வெள்ளை முடி தரையைத் தொடும். வெள்ளம் வந்தபோது மற்றதையெல்லாம் ஆற்றுக்கு விட்டுவிட்டு பேர்லை மட்டும் தலைமேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர் அவர். அவளில்லாமல் தபால் நிலையத்துக்குக்கூடப் போகமாட்டார். அன்று வியாழக்கிழமை காலை, அவளைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"நொலீன், பின்னங்கால் நிக்க மாட்டேங்குது. உண்ணிதான் கடிச்சிருக்கு. சீக்கிரம் தேடும்மா, உன் கைக்குத்தான் ஆப்டும்."

எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பின்னங்கால் தடுமாறினால் யாரும் வேறு எதையும் நினைக்கமாட்டார்கள். இங்குள்ள உண்ணி அப்படிப்பட்டது, கடித்தால் விஷமேறி பின்னங்காலிலிருந்து உடம்பையே முடக்கிவிடும். நானும் என் பங்குக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன். நொலீன் தேடவில்லை. கழுத்து முடியை வகிர்ந்து மூக்கை வைத்தார்.

"இப்பவுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

இன்னொரு முறை மூச்சு இழுத்தார். கண்ணைத் திறந்தார். "கிளாரி, இங்க என்ன போட்ட?"

"நானா? ஒண்ணும் போடலையே."

"திட்ட மாட்டேன்யா. எவ்வளவு போட்ட, எப்பப் போட்ட, அத மட்டும் சொல்லு."

கிளாரி தன் பூட்ஸைப் பார்த்தார். "ஒரு ஸ்பூன் இருக்கும். நேத்து சாயங்காலம். நீ மருந்து விடற அதே எடத்துலதான் விட்டேன். ரெண்டே வாரத்துல தெள்ளு திரும்ப வந்துருச்சு. உன்கிட்ட வர வெக்கமா இருந்துச்சு."

விட்டது டீ ட்ரீ எண்ணெய், எங்கள் பக்கத்து மரம் ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. அதைக் காய்ச்சி இறக்கும் ஊர் எங்களுடையது. எல்லார் வீட்டிலும் ஒரு பாட்டில் நிற்கும். கால் வெடிப்புக்கு அது, கொசுக்கடிக்கு அது, பேனுக்கு அது, தரை துடைக்கவும் அதுதான். நாங்களே அந்த வாசனையாக இருப்பதால் எங்கள் மூக்குக்கு அது தெரியாது. நாலு கிலோ நாயின் தோலில் தண்ணீர் கலக்காத ஒரு ஸ்பூன் விஷம் என்பது எனக்கும் தெரியாது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கிளாரி இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நொலீன் லிஸ்மோர் நகரத்துக் கால்நடை மருத்துவமனையைத் தொலைபேசியில் பிடித்து எடை, எண்ணெய், நேரம் எல்லாம் சொன்னார். நாய் நினைவோடு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெயை எடுத்துவிட்டு, உடம்பு சில்லிடாமல் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். நொலீன் கழுவினார். நனைந்த பேர்ல் ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தாள். நான் டவல்களை உலர்த்தும் இயந்திரத்தில் சுட வைத்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுத்தேன். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

பின் இருக்கையில் கிளாரி மடியில் பேர்ல். பக்கத்தில் நொலீன்.

"நானே கொன்னுட்டேன். என் கையாலயே கொன்னுட்டேன்" என்று கிளாரி சொல்லிக்கொண்டே வந்தார்.

"அவ மூச்சு விடறா. நீ வாய மூடு" என்றார் நொலீன். கரும்புக் காடுகள் முடிந்ததும் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொன்னது நான்யா. எங்க நாய் டோபிய. இதே எண்ணெய், இதே எடம். கால் இழுத்துச்சு. உண்ணின்னு நெனச்சு அர நாள் முடிக்குள்ள தேடிக்கிட்டே இருந்தேன். வாசனை என் மூக்குல ஏறவே இல்ல. எங்கப்பா எண்ணெய் காய்ச்சறவரு, வீடே அந்த வாடைதான். அவன் போனப்புறம் வீட்ல ஒரு சொட்டு விடாம தூக்கிப் போட்டேன். மூக்கு தெளிய மூணு மாசம் ஆச்சு."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. டவலை முகர்ந்து நடித்த என் மூஞ்சிதான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு அவமானமாக நான் எப்போதும் உணர்ந்ததில்லை.

பேர்ல் இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். சனிக்கிழமை தன் காலால் நடந்து வந்தாள். வால் மட்டும் ஒரு வாரம் சோர்ந்து தொங்கியது.

கிளாரி பாட்டில்களை அன்றே ஒழித்தார். மாத மருந்துக்கு நாள்காட்டியில் வட்டம் போட்டார். கார்ப்பெட்டை உறிஞ்சுகிறார், படுக்கையை என் கடைசி இயந்திரத்தில் போடுகிறார். புதுத் தெள்ளு குதிக்கும்போதெல்லாம் ஓடிவந்து புகார் சொன்னார். "கூட்டுக்குள்ள கெடந்தது பொரிஞ்சு வருதுய்யா. வரட்டும், நீ மருந்த விடாத" என்பார் நொலீன். ஏப்ரலில் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. கிளாரி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் பேர்லைத் தொட்டிக்குள் இறக்கியதும் அவர் வெளியே போய் நின்றுவிடுவார். நொலீன் முகர்வதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மே கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல் வெளியே நழுவியவரை நொலீன் கூப்பிட்டார். "யோவ், இங்க வா."

கிளாரி வந்தார். நொலீன் பேர்லின் கழுத்து முடியை வகிர்ந்தார். குனியவில்லை. நாயை அப்படியே தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கிளாரி தொப்பியைக் கழற்றினார். முடிக்குள் மூக்கை வைத்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். அந்த மூச்சை விட அவருக்கு நேரம் பிடித்தது.

"ம்" என்றார்.

நொலீன் குழாயைத் திறந்தார்.