கேமலதாவின் விரல்கள்

கொழும்பின் பாமன்கடைப் பகுதியில் பர்ஸானா தன் வீட்டு முன்னறையில் வைத்திருக்கும் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. போட்டோ கொப்பி எடுக்கலாம், போனுக்கு ரீலோட் போடலாம், அவசரத்துக்குக் கடவுச்சீட்டுப் படமும் எடுத்துக்கொள்ளலாம். கடைக்கு வருகிறவர்களுக்கு அதைவிட முக்கியமானது பர்ஸானாவின் வாய். ஒரு பக்கம் கொப்பி எடுக்கப் போனவர் மூன்று குடும்பத்துக் கதை கேட்டுத்தான் திரும்புவார். அந்த வாய்தான் ஒருநாள் அவளையே மாட்டிவிட்டது.

அவளுடைய மகள் ஷிஹாராவுக்குத் தான் பிறக்காத காலத்துக்கு ஏங்குகிற வியாதி ஒன்று உண்டு. பழைய பட்டன் போனின் ரிங்டோனைக் கேட்டால் கண் கலங்கும். பச்சை மேடும் நீல வானமுமாக இருந்த அந்தப் பழைய கொம்பியூட்டர் படத்தைத் தன் போனில் வைத்திருக்கிறாள். இதைப் பற்றியே சின்னச் சின்ன வீடியோக்கள் செய்து போடுவாள். அவளைப் போலவே பிறக்காத காலத்துக்கு ஏங்குகிற ஆயிரக்கணக்கான பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பர்ஸானாவுக்குத் தெரிந்தது.

"உம்மா, நீங்க நெற் கஃபேயில வேல செஞ்சீங்கதானே. அத செல்லுங்களேன்" என்று ஒருநாள் ஷிஹாரா போனை நீட்டினாள். கேட்க வேண்டுமா?

பர்ஸானா சொன்னாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் அவளுடைய ஸமீம் மாமா நெற் கஃபே நடத்திய காலம் அது. போன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்தித்தான் இன்டர்நெற் வரும். பாதியில் யாராவது போனை எடுத்தால் எல்லோருடைய காதலும் அறுந்துபோகும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ்களிலும் சொந்தக்காரர் ஃபிளாட்களிலும் விசாவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் வெளிநாட்டு மாப்பிள்ளைகளோடு கதைக்க அங்கேதான் வருவார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கீபோர்டில் எழுத்து எங்கே இருக்கிறதென்று தெரியாது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும் என்றால் அழுகையே வந்துவிடும். ஆகவே பர்ஸானாதான் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு அடித்துக் கொடுப்பாள்.

"அவங்க 'சுகம்'னு ஒரு சொல் செல்லுவாங்க. நான் அதுக்குப் பூ வெச்சி, பொட்டு வெச்சி, பாட்டு வரி ரெண்டு சேத்து, ஊதாக் கலர் எழுத்துல அனுப்புவேன். ரோஜாப்பூ கொட்டுற கார்ட் அனுப்புவேன். உண்மையச் செல்லப்போனா மாப்பிள்ளைமார் உழுந்தது எனக்குத்தான்!" என்று சொல்லிப் பர்ஸானா விழுந்து விழுந்து சிரித்தாள். ஷிஹாரா அந்தச் சிரிப்போடு வெட்டி, பழைய மெசஞ்சர் சத்தம் ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிட்டாள்.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. கீழே எழுதியவர்கள் எல்லோரும் உருகினார்கள். எவ்வளவு உண்மையான காலம், ஃபில்டர் இல்லை, நடிப்பு இல்லை, மனசோடு மனசு பேசிய காலம் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பர்ஸானாவுக்கு வாசிக்க வாசிக்கச் சிரிப்பு. அவள் அறிந்தவரையில் அதைப்போலப் பொய்யான காலம் இன்னொன்று இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் முகத்தை மட்டும்தான் மாற்றுகிறார்கள். அந்தக் காலத்தில் ஆளையே மாற்றினோம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தக் குறிப்புகளுக்கு நடுவே ஒன்று வந்தது. "இந்தக் கடையில் இருந்துதான் என் மனைவி என்னோடு கதைத்தவர். வாற கிழமை சுவிஸில் இருந்து நாங்கள் இருவரும் கொழும்பு வருகிறோம். உங்களைக் கட்டாயம் சந்திக்க வேண்டும். நாகேந்திரம்."

பர்ஸானா அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தாள். நாகேந்திரம் என்றால் கேமலதாவின் நாகேந்திரம்.

மற்றப் பிள்ளைகளுக்கு அவள் சொன்னதற்குக் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். கேமலதாவின் கதை வேறு. அவள் வாய் திறப்பதே அபூர்வம். தாய்க்காரி வெளியே கதிரையில் காவல் இருப்பார். உள்ளே இவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்களே ஏதாவது போடுங்கோ பர்ஸா" என்பாள். பர்ஸானாவும் போட்டாள். 'ஸ்வீட் கேமா' என்ற பெயரை வைத்ததே அவள்தான். கேமலதாவுக்கு மழை பிடிக்கும் என்றும், தனியாக இருந்தால் பாடுவாள் என்றும், கடலைப் பார்த்தால் அவர் நினைவு வரும் என்றும் எழுதித் தள்ளினாள். எல்லாம் பர்ஸானாவின் சொந்தச் சரக்கு. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து மாமா கொண்டுவரும் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கையோடு உட்கார்ந்து நாகேந்திரத்தைக் காதலிப்பாள். எட்டு மாதத்தில் கலியாணம் முடிவாகி, கேமலதா விமானம் ஏறினாள். அதன்பிறகு தகவல் இல்லை.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். ஆனால் அந்த ஆயிரத்தையும் தரகர், மாமன், மச்சான் என்று பத்துப் பேர் பங்கு போட்டுச் சொல்லுவார்கள். இந்தக் கலியாணத்தில் ஆயிரத்தையும் தனியாளாகச் சொன்னவள் பர்ஸானா. இப்போது அதை உலகத்துக்கே சிரித்துக்கொண்டு சொல்லியும்விட்டாள். கேமலதா புருஷனிடம் இதைச் சொல்லியிருக்காவிட்டால்? பிள்ளை குட்டியோடு இத்தனை வருஷம் வாழ்ந்த மனிதர், தான் காதலித்தது வேறொருத்தியின் விரல்களை என்று ஒரு வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தால்? நல்லாக இருந்த குடும்பத்தில் ஒரு பகிடிக்காகக் கொள்ளி வைத்துவிட்டோமே என்று நினைத்தவள் மகளைக் கூப்பிட்டாள்.

"அழிச்சிடு மகள்" என்றாள்.

"அழிச்சி என்ன உம்மா? எல்லாரும் எடுத்து ஷெயார் பண்ணிட்டாங்க" என்றாள் ஷிஹாரா. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை.

அந்தக் கிழமை முழுவதும் பர்ஸானா சாப்பிட்ட சாப்பாடு சாப்பாடாக இல்லை. கடைக்கு வந்தவர்களுக்குக் கதையும் கிடைக்கவில்லை. ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யார்டில் வேலை செய்யும் அவள் கணவன் ரிஷாத், "வீடு அமைதியா ஈக்கிது, அந்த மனிசன் மாசா மாசம் வந்தா நல்லம்" என்று பகிடி விட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டான். கடையைப் பூட்டிவிட்டு மருதானையில் தங்கை வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் வருகிறவர்களுக்குப் பூட்டிய கதவைக் காட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பட்டது.

அவர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். வாசலில் திரீவீலர் நின்றது. முதலில் இறங்கியவர் தலை வழுக்கை விழுந்த, உயரமான மனிதர். பின்னால் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பெண். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாலும் அந்தப் பிடியைப் பார்த்ததுமே பர்ஸானாவுக்கு ஆளைத் தெரிந்தது. கேமலதாவின் முகத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"வாங்க, வாங்க, உட்காருங்க. பிளேன்டி ஊத்தவா?" என்று கதிரையை இழுத்தாள்.

நாகேந்திரம் உட்காரவில்லை. கடையை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கள்தானோ தங்கச்சி எனக்கு எழுதினது?" என்று கேட்டார்.

மகள் செய்த வீடியோ, சும்மா பகிடிக்குச் சொன்னது என்று பர்ஸானா ஒரு கிழமையாகப் பாடமாக்கி வைத்த பதிலெல்லாம் எங்கோ போய்விட்டது. "ஓம் அண்ணா. நான்தான். கேமா மேல ஒரு குத்தமும் இல்ல. எல்லாம் நான் தலையில ஏத்திக்கிட்டுச் செஞ்சது. மன்னிச்சிடுங்க" என்றாள். கண் நிறைந்துவிட்டது.

"இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ?"

பர்ஸானா நிமிர்ந்தாள். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இண்டைக்கு மாதிரி ஒரு வெள்ளிக்கிழமை. என்ன சாப்பாடு எண்டு கேட்டனான். டக்கெண்டு பதில் வருது, புரியாணி, இன்னும் கையில மணக்குது எண்டு. இவவின்ர வீட்டில வெள்ளிக்கிழமை முட்டைகூட வாசலுக்குள்ள வராது. இவவின்ர அப்பா கோயில் விரதக்காரர். நான் வேலை செய்த குசினியில பெடியளிட்டக் காட்டினன். அவங்கள் சொன்னாங்கள், மச்சான், உன்ர மனிசி சோனகத் தெருவில முஸ்லிம் ஆக்களோட இருக்கிறா எண்டு."

பர்ஸானா வாயில் கையை வைத்தாள். கேமலதா தாயிடம் ஏதோ சொல்ல வெளியே எழுந்துபோன அந்த இரண்டு நிமிஷம் அவளுக்கு ஞாபகம் வந்தது. கேட்டதற்குத் தான் தின்றதை எழுதியிருக்கிறாள்! வெள்ளி என்றால் அவள் வீட்டில் புரியாணி. அந்த வெள்ளியே இன்னொரு வீட்டில் விரதம் என்பது இத்தனை வருஷமும் அவளுக்கு உறைக்கவே இல்லை.

"அதுக்குப் பிறகுதான் கமராவில வரச் சொன்னனான்" என்றார் நாகேந்திரம். "வந்தா. ரெண்டு கையும் மடியில, பையைப் பிடிச்சபடி. எழுத்து மட்டும் பறந்து பறந்து வருது!"

கமராவுக்குள் தான் விழாமல் இருக்க முக்காலியை ஒதுக்கிப் போட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது பர்ஸானாவுக்கு நினைவிருந்தது. எவ்வளவு கெட்டிக்காரி நான் என்று அன்றைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

"பொறவு ஏன் அண்ணா ஒண்டும் கேக்கல்ல? கோவம் வரல்லயா?"

"வந்ததுதான். நிப்பாட்டுவம் எண்டுதான் இருந்தனான். அப்ப நீங்கள் என்னத்தையோ எழுதிப்போட்டு அவவுக்கு வாசிச்சுக் காட்டியிருக்கிறீங்கள் போல. இவ அங்கால உங்கட பக்கம் திரும்பிச் சிரிச்சா. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு உடைஞ்சுதான் வந்தது. எண்டாலும் அந்தச் சிரிப்பு தெரிஞ்சுது. அது ஒருத்தரும் தட்டி அனுப்பின சிரிப்பில்லை." அவர் மனைவியைப் பார்த்தார். "நான் கேட்டிருந்தா நீங்கள் எழுதுறதை விட்டிருப்பீங்கள். நீங்கள் எழுதாட்டி இவ சிரிச்சிருக்க மாட்டா. பிறகு நான் என்னத்தைப் பாக்கிறது?"

பர்ஸானாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு கிழமையாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போனது அவளுக்கே கேட்டதுபோல இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். விருந்தாளிகள் நிற்க வீட்டுக்காரி உட்கார்ந்த முறைகேட்டை யாரும் பொருட்படுத்தவில்லை.

"உனக்கும் இது தெரியுமா கேமா?" என்று கேட்டாள்.

"கலியாணம் முடிஞ்ச முதல் கிழமையே சொல்லிப்போட்டார்" என்றாள் கேமலதா. "உங்களுக்குச் சொல்லத்தான் வழி தெரியேல்ல. தேடினனாங்கள் பர்ஸா. மாமாவின்ர கடையும் இல்லாமப் போட்டுது."

"இப்பவும் நான் பெரிசா ஒரு மெசேஜ் போட்டா இவவிட்ட இருந்து வாறது ஒரு கட்டைவிரல் படம்தான்" என்று நாகேந்திரம் முறையிட்டார். கேமலதா அவர் கையில் தட்டினாள்.

உள்ளே ஷிஹாரா போனை எடுத்துவிட்டு உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பர்ஸானா வேண்டாம் என்று தலையசைத்தாள். ஷிஹாரா போனைக் கீழே வைத்தாள். இதை மட்டும் யாரும் வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்க வேண்டாம் என்று பர்ஸானாவுக்குத் தோன்றியது.

பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து ரிஷாத் வரும் நேரம். கையில் பார்சல் இருக்கும் என்பது நினைவுக்கு வர, பர்ஸானா பதறி எழுந்தாள். "சாப்பிடாமப் போக ஏலாது. ஆனா இன்னக்கி எங்கட வீட்டுல கோழிப் புரியாணிதான் ஈக்கிது. ஒங்களுக்கு வெள்ளிக்கிழம. பக்கத்துல சைவக் கடை ஒண்டு ஈக்கிது, மரக்கறிச் சாப்பாடு எடுப்பிக்கிறேன்."

கேமலதா கைப்பையை மேசையில் வைத்தாள். மடியை விட்டு அது இறங்கியதைப் பர்ஸானா அன்றுதான் முதல்முறை பார்த்தாள்.

"அண்டைக்கு நான் சாப்பிட்டனெண்டு எழுதிப்போட்டீங்கள்" என்றாள் கேமலதா. "கோயில் அம்மாளாச்சி ஒரு நாளைக்குப் பொறுத்துக்கொள்ளுவா. புரியாணியையே போடுங்கோ பர்ஸா."