அக்ஸலோட்டலுக்கு மஞ்சள் பூசினேன்

வெள்ளவத்தை பிளாட்டில் என் மகள் ஒரு வெள்ளை அக்ஸலோட்டல் வளர்க்கிறாள். தண்ணீரிலேயே வாழும் பல்லி மாதிரிப் பிராணி. அவள் டியூஷனுக்குப் போயிருந்தபோது, தொட்டியைக் கழுவிய என் கையிலிருந்து கல் வழுக்கி விழுந்து அதன் முன்பாதம் பிய்ந்துவிட்டது.

பதறிப்போய், பிள்ளைகளின் காயத்துக்குப் பூசுவதுபோல மஞ்சளைக் குழைத்துப் பூசி, திரும்பத் தொட்டியில் விட்டேன். தண்ணீரெல்லாம் மஞ்சளாகி, அது துடிக்கத் தொடங்கியது.

வந்து பார்த்த மகள் அலறினாள். "அதுக்குக் கால் தானா முளைக்கும் அம்மா! சும்மா விட்டிருந்தாலே காணும்."

வாளியில் எடுத்து வைத்திருந்த சுத்தமான தண்ணீருக்கு அவள் அதை மாற்றினாள். நான் மஞ்சள் விரல்களைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

கால் முளைத்துவிட்டது. இப்போதெல்லாம் அவளிடம் கேட்காமல் நான் அதைத் தொடுவதில்லை. அவளோ, முழங்கால் உரசினால்கூட அப்பாவிடம்தான் காட்டுகிறாள்.