கண்டியில் வாங்காத கேக்

அத்தைக்கு நிச்சயதார்த்தம் என்று வந்தபோது கேக் எங்கள் வீட்டில்தான் செய்வது என்று முடிவானது. முடிவு செய்தது அத்தை. அப்பாவின் தங்கையான அவள் மாத்தளை டவுனில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். நாங்கள் பல்லேபொலவில் இருந்தோம். என் பிறந்தநாளுக்கு அம்மா செய்யும் பட்டர் கேக்குக்காகவே பஸ் ஏறி வருகிறவள் அவள். அன்றும் வந்து, "அண்ணி, ஒங்க கையால செஞ்சதுதான் வேணும்" என்று கேட்டாள். அம்மாவுக்கு முகம் பூரித்துப்போயிற்று. அப்பாவின் வீட்டாரில் அம்மாவிடம் யாரும் அதுவரை எதையும் கேட்டதில்லை.

அப்பா அம்மாவை விரும்பிக் கட்டியவர். அம்மா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பாவின் வீட்டாரோ டவுனில் கடை வைத்திருப்பவர்கள். அவர்களுக்குத் தோட்டமும் ஆகாது, அம்மாவின் சாதியும் ஆகாது. இதெல்லாம் எனக்குப் பிற்காலத்தில் தெரிந்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா வீட்டுக்குப் போனால் அம்மாவைச் சமையலறைக்குள் விடமாட்டார்கள். முன்னறையில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். அம்மாவை எவ்வளவு மதிக்கிறார்கள், ஒரு வேலையும் வாங்குவதில்லையே என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

கேக் இரண்டு அடுக்கு. அம்மா சீனியையும் பட்டரையும் வெண்மையாகும்வரை அடித்தாள். ஒரு அடுக்கு லேசாக வெடித்துவிட்டது என்று அதை எங்களுக்கு வைத்துவிட்டு, மறுபடி மா சலித்து வேறொன்று சுட்டாள். அத்தையின் சேலை மயில்நீலம் என்பதால் ஐசிங் ரோசாக்களும் நீலம். சாயம் கலக்கும் வேலை எனக்கு. விரல் பத்தும் நீலமாகிவிட்டது, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. ஒரு ரோசாவை முழுக்க நானே பிழிந்தேன். கோணலாக வந்த அதைப் பின்பக்கம் வைக்காமல் அம்மா முன்னாலேயே வைத்தாள். திரீவீலரில் போகும்போது கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் கைகளால் தூக்கிப் பிடித்தபடியே வந்தாள்.

பெரியப்பா வீட்டுக் கூடத்தில் கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் ஒரு துண்டைத் தின்றுவிட்டு இன்னொன்றும் கேட்டு வாங்கினார்.

"இவ்வளவு மெதுவா இருக்கே. எங்க வாங்கினீங்க?"

"கண்டியில ஆர்டர் குடுத்து எடுத்தது" என்றாள் பெரியம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். "இல்ல, எங்க அம்மா செஞ்சாங்க" என்றேன். பெரியம்மா சிரித்தாள். மாப்பிள்ளையின் தாயார் அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து நின்று, "சின்னப் பிள்ளதானேங்க, சும்மா சொல்லுது. கடையில வாங்கினதுதான்" என்றாள்.

பெரியம்மா பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அம்மா என்னைப் பொய்க்காரி ஆக்கியதை என்னால் தாங்க முடியவில்லை. பத்து விரல்களையும் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாருங்க, சாயம். அந்தக் கோணல் ரோசா நான் செஞ்சது."

அவர் விரல்களைப் பார்த்தார், ரோசாவைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒங்களுக்கு எந்த ஊரு?"

"ரத்தோட்டைக்கு மேல, தோட்டங்க."

"அப்பா பேரு?"

அம்மா தாத்தாவின் பெயரைச் சொன்னாள். அவர் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்தார். வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்ததுபோல இருந்தது. பிறகு எழுந்து குழாயடிக்குப் போனார். அவரோடு வந்த பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டுகளைக் கீழே வைத்தார்கள்.

பெரியம்மா என் தோளைக் கிள்ளியபடி அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னாள். "கடையில வாங்கினதுன்னு சொல்லணும்னு முன்னாலயே பேசி ஒத்துக்கிட்டீங்கதானே. பிள்ளைய அடக்கி வைக்கத் தெரியாதா?"

அப்பாவைத் தேடினேன். அவர் வாசலில் யாருடனோ பேசுவதுபோல நின்றுகொண்டிருந்தார். அங்கே யாரும் இருக்கவில்லை.

அம்மா என்னைப் பெரியம்மாவின் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். நேரே மேசைக்குப் போய் மிச்சக் கேக்கைப் பலகையோடு தூக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். "திங்காதத இங்க வச்சு என்ன செய்ய? நான் கொண்டு போறேன்" என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் கூடம் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்த அத்தை பாதி எழுந்தாள். பெரியம்மா போய் அவள் தோளில் கை வைத்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

சோறுகூடத் தின்னாமல் நானும் அம்மாவும் வீடு வந்தோம். வழியில் அவள் என் கையைப் பிடிக்க வந்தபோது உதறிவிட்டேன். அப்பா பிந்தித் தனியாக பஸ்ஸில் வந்தார். நிச்சயம் ஒன்றும் முறியவில்லை, கல்யாணமும் நடந்தது. கல்யாணக் கேக் நிஜமாகவே கண்டியிலிருந்து வந்ததாம். எங்கள் வீட்டிலிருந்து அப்பா மட்டும் போனார். அன்று வாசலில் நின்றதையாவது ஒருநாள் மன்னித்துவிடலாம். புதுச்சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு அந்தக் கல்யாணத்துக்குப் போனாரே, அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. இப்போதும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "பழசக் கிண்டாத" என்கிறார்.

கொண்டுவந்த கேக்கை அம்மா தொடவே இல்லை. நான்தான் தின்றேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குசினியில் அடுப்பருகே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்டு வாயில் வைத்துப் பார்ப்பேன். அத்தனை பேரும் தட்டைக் கீழே வைத்தார்கள் என்றால் எங்கோ பிழை இருக்கத்தான் வேண்டும். முட்டை மணக்கிறதா? சீனி கூடிவிட்டதா? நடுவில் வேகவில்லையா? ஒரு குறையும் அகப்படவில்லை. என் நாக்குக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை என்று நினைத்து, கடைசித் துண்டு வரைக்கும் தேடிக்கொண்டே தின்றேன்.